மவுஸில் நடப்பதா, கீபோர்டில் நடப்பதா: போட்டி விளையாட்டுகளில் நகர்வுக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

இரு அணிகள் மோதும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டு 2009 அக்டோபரில் வெளிவந்ததிலிருந்து பதினாறு ஆண்டுகள் அந்த விளையாட்டில் நடப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது: போக வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து மவுஸின் வலது பொத்தானை அழுத்த வேண்டும். டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகளால் நடக்கும் முறையையும் கொண்டுவரப்போவதாக 2025 ஆகஸ்டில் அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனம் அறிவித்து, முதலில் அதைச் சோதனைச் சர்வரில் திறந்துவிட்டது. நெடுநாளாக ஆடுகிறவர்கள் இது எதற்கு என்று கேட்டார்கள்; துப்பாக்கி விளையாட்டுகளிலிருந்து வந்தவர்களோ இத்தனை நாள் ஏன் இல்லை என்று கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவைதான். எந்த முறை உயர்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் ஆடும் விளையாட்டுக்கும், அதில் நீங்கள் ஏற்கும் பொறுப்புக்கும், உங்கள் கைக்கும் எது பொருந்தும் என்பதைச் சில எளிய சோதனைகளால் கண்டுபிடித்துவிடலாம்.

இரு முறைகளும் வேறுவேறு வீடுகளில் பிறந்தவை என்பதை முதலில் மனத்தில் கொள்வது நல்லது. வலது கிளிக்கில் நடப்பது படைகளை நடத்தும் உத்தி விளையாட்டுகளிலிருந்து வந்தது. 2002இல் வெளியான வார்கிராஃப்ட் 3இன் மேல் ரசிகர்கள் உருவாக்கிய டோட்டா வரைபடம் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது, அதன் வழியே அது லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் டோட்டா 2க்கும் வந்து சேர்ந்தது. அங்கே ஆடுபவர் தளபதி: "அங்கே போ" என்று கட்டளையிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கீபோர்டில் நடப்பதோ துப்பாக்கி விளையாட்டுகளின் சொத்து. 1993இல் வந்த டூம் விளையாட்டைப் பலரும் அம்புக்குறி விசைகளாலேயே ஆடினார்கள். இடது கையை டபிள்யூ-ஏ-எஸ்-டியிலும் வலது கையை மவுஸிலும் வைக்கும் முறை குவேக் என்ற துப்பாக்கி விளையாட்டின் காலத்தில்தான் பரவியது. திரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங், 1997இல் நடந்த ரெட் அனைஹிலேஷன் குவேக் போட்டியை வென்று, குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாக ஓட்டிச் சென்றபோது, அவருடைய விசை அமைப்பைப் பார்த்து எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். அங்கே ஆடுபவர் ஓட்டுநர்: விசையை அழுத்தியிருக்கும் வரை வண்டி ஓடும், விட்டால் நிற்கும்.

ஆகவே தேர்வின் முதல் கேள்வி, எது வேகமானது என்பதல்ல. உங்கள் விளையாட்டில் கர்சருக்கு எத்தனை வேலை இருக்கிறது என்பதுதான். நடக்க வேண்டிய இடத்தைக் காட்டுவது, அடிக்க வேண்டிய ஆளைக் காட்டுவது, திறனை எறிய வேண்டிய திசையைக் காட்டுவது ஆகிய மூன்று வேலைகளும் ஒரே கர்சரின் தலையில் விழுந்து, அவை ஒரே நொடியில் மோதிக்கொள்கின்றன என்றால், நடப்பதை இடது கைக்கு மாற்றுவதில் பொருள் இருக்கிறது. அவை ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக வருகின்றன என்றால், மாற்றுவதால் வரும் தொல்லைதான் மிச்சம்.

இந்த மோதலை மிகத் தெளிவாகக் காட்டுவது கைட்டிங், அதாவது பின்வாங்கிக்கொண்டே தாக்குவது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஆஷ் என்ற வில்லாளியை எடுத்துக்கொள்வோம். அவள் அம்பு பட்டவர்களின் ஓட்டம் மந்தமாகும். ஆகவே துரத்தி வருபவனை ஒரு அம்பு விட்டு, இரண்டடி பின்வாங்கி, மறுபடியும் ஒரு அம்பு விட்டு, தொலைவைக் காத்துக்கொண்டே சண்டையிட வேண்டும். மவுஸ் முறையில் அம்பு விடும் கணத்தில் கர்சர் எதிரியின் மேல் இருக்க வேண்டும். அம்பு வில்லை விட்டு நீங்கியதும் அது உங்களுக்குப் பின்னால் உள்ள தரைக்குப் போக வேண்டும். அடுத்த அம்புக்கு மீண்டும் எதிரியிடம் வர வேண்டும். ஒரு அம்புக்கு இரண்டு பயணம். ஆட்டத்தின் பிற்பகுதியில் கடையில் வாங்கிய பொருள்கள் சேர்ந்து நொடிக்கு இரண்டு அம்பு விடும் நிலை வந்தால், கர்சர் நொடிக்கு நான்கு முறை திரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. அதில் ஒரு பயணம் தவறி, எதிரியின் மேல் விழ வேண்டிய கிளிக் அவன் காலடித் தரையில் விழுந்தால், ஆஷ் அம்பு விடுவதற்குப் பதில் எதிரியை நோக்கி நடந்து போவாள். வலது கிளிக்குக்கு இரண்டு பொருள் இருப்பதால் வரும் வினை இது.

கீபோர்டில் நடக்கும்போது இந்த ஓட்டம் அடியோடு நின்றுவிடுகிறது. கர்சர் எதிரியின் மேலேயே தங்கியிருக்கும். பின்வாங்குவது முழுக்க இடது கையின் பொறுப்பு. எதிரி எறியும் கொக்கியையோ குண்டையோ தவிர்க்கப் பக்கவாட்டில் ஓரடி விலகுவதும் அப்படியே: ஏ விசையிலிருந்து டி விசைக்கு மாறினால் திசை நேர் எதிராகத் திரும்பிவிடும், கை எங்கும் பயணம் செய்ய வேண்டியதில்லை. மவுஸிலேயே தொடர விரும்புகிறவர்களுக்கும் ஒரு மருந்து உண்டு. தாக்கிக்கொண்டே நகரும் கட்டளையை ஒரு விசையில் வைத்து, அமைப்புகளில் கர்சருக்கு அருகில் இருப்பவரைத் தாக்கும் தெரிவை இயக்கிவிட்டால், கிளிக் சற்றுத் தவறி விழுந்தாலும் சாம்பியன், அதாவது நீங்கள் நடத்தும் பாத்திரம், நடந்துபோகாமல் அடிப்பார். கீபோர்டுக்கு மாற வேண்டும் என்று நினைக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த ஒரு அமைப்பாகத்தான் இருக்கும். முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு மேற்கொண்டு படிப்பது நல்லது.

இனி மறுபக்கம். நான்கு விசைகளால் எட்டுத் திசைகளில்தான் நடக்க முடியும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 45 பாகை இடைவெளி. நீங்கள் போக வேண்டிய திசை இரண்டுக்கும் நட்டநடுவில் விழுந்தால் 22.5 பாகை விலகியோ, இரண்டு திசைகளையும் மாற்றி மாற்றி அழுத்தியோதான் போக முடியும்; அப்படி வளைந்து போகும் வழி நேர்வழியைவிட 8 சதவீதம் நீளமாகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஆஷின் அடிப்படை ஓட்ட வேகம் 325. வளைந்து போவதில் இழக்கும் வேகம் ஏறத்தாழ 25 புள்ளிகள். கடையில் 300 தங்கம் கொடுத்து வாங்கும் பூட்ஸ் தருவதும் அதே 25 புள்ளிகள்தான். மோசமான கோணத்தில் துரத்தும்போது காலணியைக் கழற்றிவிட்டு ஓடுவதற்குச் சமம் அது.

எல்லா இடத்திலும் இந்த இழப்பு வராது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் முதன்மைக் களமான சம்மனர்ஸ் ரிஃப்ட் வரைபடத்தின் அமைப்பு கீபோர்டுக்குப் பெரும்பாலும் சாதகமானது. இடது கீழ் மூலையில் உள்ள நீலக் கோட்டையிலிருந்து நடு லேன் (பாதை) சரியாக மூலைவிட்டமாக மேலேறுகிறது, ஆகவே டபிள்யூவையும் டியையும் சேர்த்து அழுத்தினால் போதும்; கீழ் லேன் முதலில் வலப்புறமும் பிறகு மேல்நோக்கியும் போகிறது; ஆறு எதிர் மூலைவிட்டமாக ஓடுவதால் நடு லேனிலிருந்து டிராகன் குழிக்கு எஸ்ஸும் டியும். சிக்கல் லேன்களுக்கு இடையே உள்ள ஜங்கிளில்தான். அங்கே வழிகள் சுவர்களுக்கிடையே வளைந்து வளைந்து போகின்றன. மவுஸில் சுவருக்கு அப்பால் ஒரு கிளிக் செய்தால் வழியை விளையாட்டே கண்டுபிடித்துக்கொள்ளும். கீபோர்டில் ஒவ்வொரு வளைவையும் நீங்களே ஓட்ட வேண்டும், பார்வையைத் திரை ஓரத்துச் சிறு வரைபடமான மினிமேப்பின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினால் சுவரில் உரசிக்கொண்டு நிற்பீர்கள். கோட்டையிலிருந்து கிளம்பும்போது மினிமேப்பில் ஒரு கிளிக் செய்துவிட்டுக் கடையைப் பார்ப்பதும், வேறு லேனில் நடக்கும் சண்டைக்குக் கேமராவைக் கொண்டுபோய்ப் பார்ப்பதும் தளபதிக்கு இயல்பாகக் கிடைக்கும் சலுகைகள். ஓட்டுநர் கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும்.

துல்லியமாக ஓரிடத்தில் போய் நிற்க வேண்டிய சாம்பியன்களுக்கும் மவுஸே பொருத்தம். டிரேவன் எறியும் கோடரி எதிரியின் மேல் பட்டுத் திரும்பித் தரையில் விழும். விழும் இடத்தில் அவன் போய் நின்று பிடித்தால்தான் அடுத்த வீச்சு பலமாக இருக்கும். அந்த இடத்தின் மேல் ஒரு கிளிக் செய்வது இயல்பானது. விசைகளால் எட்டிப் பார்த்து நிறுத்துவது, வண்டியைக் குறுகிய சந்துக்குள் பின்னோக்கி நிறுத்துவது போன்றது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் என் பரிந்துரை இதுதான்: தொலைவிலிருந்து சாதாரணத் தாக்குதலையே நம்பியிருக்கும் ஆஷ், ஜிங்ஸ், கெய்ட்லின் போன்றவர்களை ஆடுகிறவர்களும், துப்பாக்கி விளையாட்டுகளிலிருந்து புதிதாக வருகிறவர்களும் கீபோர்டைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். ஜங்கிளில் ஆடுகிறவர்கள், வரைபடம் முழுக்கச் சுற்றி வார்டு எனும் காவல் கண்களை வைக்கும் சப்போர்ட்கள் (துணை ஆட்டக்காரர்கள்), பல ஆண்டுப் பழக்கத்தில் கிளிக் செய்வதையே உணராதவர்கள் ஆகியோருக்கு அவசரமில்லை. கைகலப்புச் சாம்பியன்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. எதிரியை ஒருமுறை கிளிக் செய்தால் ஒட்டிக்கொண்டு அடிக்கப்போகிறவருக்கு விசைகள் புதிதாக என்ன தந்துவிடும்?

டோட்டா 2இல் இந்தக் கேள்விக்கே இடம் குறைவு. அங்கே நாயகன் திரும்புவதற்கே நேரம் எடுக்கும். மாயைப் பிரதிகளையும் அழைக்கப்பட்ட மிருகங்களையும் தனித்தனியாக நடத்த வேண்டும். மீப்போ போன்ற நாயகன் தன் உடலையே பலவாகப் பிரித்துக்கொண்டு ஆங்காங்கே சண்டையிடுவான். நான்கு விசைகளால் ஒருவரைத்தான் ஓட்டலாம், ஒரு கூட்டத்தை ஓட்ட முடியாது. சுவரைச் சுற்றி வழி தேடும் வேலையை விளையாட்டு செய்துவிடக் கூடாது என்று நினைக்கும் தருணங்களுக்காக, கர்சர் இருக்கும் திசையில் நேராக நடக்கும் கட்டளை ஒன்று அதன் அமைப்புகளில் உண்டு. மலைவிளிம்பிலும் மரங்களுக்கிடையிலும் அது கைகொடுக்கும். ஸ்மைட், பேட்டில்ரைட் போன்றவை தொடக்கத்திலிருந்தே விசைகளால் நடப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கே தேர்வே தேவையில்லை.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கேள்வி சற்று வேறு வடிவம் எடுக்கிறது: நடப்பது கீபோர்டில்தான், ஆனால் திரும்புவது எதில்? அதன் இயல்பு அமைப்பில் ஏயும் டியும் பக்கவாட்டில் நகர்த்துவதில்லை, உடலைத் திருப்புகின்றன. விசையால் நேர் பின்னால் திரும்ப ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் கண்ணிமைப்பதற்குள் திரும்பிவிடலாம். பெரும்பாலான திறன்களுக்கு இடையே கட்டாய இடைவெளி 1.5 நொடிதான் என்ற விளையாட்டில், முதுகுப்புறம் வந்து நிற்கும் எதிரியைப் பார்க்கவே ஒரு நொடியைச் செலவிடுவது தாங்க முடியாத ஆடம்பரம். பின்னோக்கி நடப்பதும் அப்படித்தான்: முன்னோக்கி ஓடினால் நொடிக்கு 7 கஜம், எஸ் விசையால் பின்வாங்கினால் 4.5 கஜம். ஆகவே இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் அரீனாவுக்குப் போகிறவர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்லலாம்: ஏ, டி இரண்டையும் பக்கவாட்டு நகர்வுக்கு மாற்றுங்கள், திரும்புவதை மவுஸிடம் கொடுங்கள், காலியாகும் க்யூ, இ விசைகளில் முக்கியமான திறன்களை வையுங்கள், எஸ் விசையைக் கூடுமானவரை மறந்துவிடுங்கள்.

கீபோர்டு முறையைத் தேர்ந்தவர்கள் ஆட்டத்துக்குள் நுழையுமுன் இடது கையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மோதிர விரல் ஏ விசையில், நடுவிரல் டபிள்யூவிலும் எஸ்ஸிலும், ஆள்காட்டி விரல் டியில். இடப்புறம் ஓடும்போது மோதிர விரல் கட்டுண்டிருப்பதால் க்யூ எட்டாது. வலப்புறம் ஓடும்போது ஆள்காட்டி விரல் கட்டுண்டிருப்பதால் ஆரும் எஃப்பும் எட்டாது. எந்தத் திசையில் ஓடினாலும் சும்மா இருப்பவை கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். உயிர் தப்ப உதவும் திறனை, அதாவது கணத்தில் சற்றுத் தள்ளி இடம் மாற்றும் ஃபிளாஷையோ தாவலையோ, ஸ்பேஸ் விசையில் வைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். மவுஸின் பக்கவாட்டில் பொத்தான் இருந்தால் அங்கும் வைக்கலாம். நின்று நிதானமாக எறியும் திறன்கள் க்யூவிலோ இயிலோ இருந்தால் பரவாயில்லை. பக்கப் பொத்தான்கள் இல்லாத சாதாரண மவுஸில் கீபோர்டு முறையை ஆடலாம்தான், ஆனால் விரல்கள் போதாமல் திணறுவீர்கள்.

அடுத்து கீபோர்டையே சோதியுங்கள். மலிவான கீபோர்டுகள் பலவற்றில், மடிக்கணினிகள் சிலவற்றிலும், குறிப்பிட்ட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. டபிள்யூவையும் டியையும் அழுத்திக்கொண்டு ஸ்பேஸ், ஷிஃப்ட், க்யூ, இ ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். பிறகு மற்ற மூன்று மூலைவிட்டங்களிலும் இதையே செய்யுங்கள். ஒரு மூலையில் மட்டும் ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்பதைச் சண்டையின் நடுவில் கண்டுபிடிப்பதைவிட இது நல்லது. ஷிஃப்டைத் திறனுக்குப் பயன்படுத்தினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதியை அணைத்துவிடுங்கள். ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் அது ஒரு பெட்டியைத் திறந்து ஆட்டத்தை மறைக்கும். நம்மில் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு: இரண்டாவது மொழியை நிறுவியிருக்கும் கணினியில் இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து விழுந்தால் மொழி மாறிவிடலாம். அந்த இரண்டையும் திறன்களுக்கு ஒதுக்கினால், சண்டை நடுவே கணினி தமிழுக்குத் தாவும் வாய்ப்பு உண்டு. மொழி மாற்றும் குறுக்குவழியை விண்டோஸ் அமைப்புகளில் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

இணைய வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சர்வர் உங்கள் ஊரிலிருந்து தொலைவில் இருந்தால், கட்டளை போய்த் திரும்பும் நேரம் இரு முறைகளுக்கும் ஒன்றே. ஆனால் அது கைக்குத் தெரிகிற விதம் வேறு. எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கிளிக். ஆகவே தாமதமாகப் புறப்பட்டாலும் சாம்பியன் சொன்ன இடத்தில்தான் நிற்பார். விசையிலோ, நிற்கச் சொல்லும் செய்தி நீங்கள் விரலை எடுத்த பிறகுதான் கிளம்புகிறது. பிங், அதாவது அந்தப் போய்த் திரும்பும் நேரம், உயர்ந்து, அதைவிட மோசமாக ஏறி இறங்கிக்கொண்டும் இருந்தால், ஓரடி தள்ளி நிற்க நினைத்து இரண்டடி தள்ளி நிற்பீர்கள். நிலையில்லாத வைஃபை இணைப்பில் ஆடுகிறவர்கள் முதலில் கேபிள் இணைப்புக்கு மாறிவிட்டுப் பிறகு இந்த முடிவை எடுக்கலாம்.

சோதனைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அந்த நாள்களில் தரவரிசை ஆட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் பயிற்சி அறையில் மட்டும். அசையாத பொம்மையைச் சுற்றி வட்டமாக நடந்துகொண்டே ஐம்பது முறை தாக்குங்கள். அவசரப்பட்டு நகர்ந்ததால் பாதியில் அறுந்துபோன தாக்குதல்கள் எத்தனை என்று எண்ணி, மவுஸில் ஒரு வரிசையும் கீபோர்டில் ஒரு வரிசையுமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோட்டையிலிருந்து டிராகன் குழி வரை சுவரில் முட்டாமல் போய் வாருங்கள். அதன்பின் சாதாரண ஆட்டங்கள், எப்போதும் ஆடும் ஒரே சாம்பியனோடு. வெற்றி தோல்வியை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். உங்களோடு இன்னும் நான்கு பேர் ஆடுகிறார்கள். பதிவை ஓட்டிப் பார்த்து, உங்களை நோக்கி எறியப்பட்ட திறன்களில் எத்தனையைத் தவிர்த்தீர்கள், சண்டையில் எத்தனை முறை தேவையின்றி நின்றீர்கள் என்ற இரண்டை மட்டும் எண்ணுங்கள்.

முதல் வாரம் எண்கள் கீழே இறங்கத்தான் செய்யும். மாறிய மூன்றாம் நாள் நான் ஆஷை ஆடிக்கொண்டிருந்தபோது, பழைய நினைவில் அம்புச் சரத்தை எய்வதற்காக டபிள்யூவைத் தட்டினேன். ஒரு அம்புகூடப் பறக்கவில்லை, ஆஷ் மட்டும் எதிரிக் கோபுரத்தை நோக்கி நிமிர்ந்த நடையில் போய்ச் சேர்ந்தாள். பதற்றத்தில் மறுபடியும் அதே விசையைத்தான் அழுத்தினேன். பழைய திறன் விசையும் புதிய நடை விசையும் ஒன்றாக இருப்பதுதான் இந்த மாற்றத்தின் மிகப் பெரிய தடை. அது விரல்களிலிருந்து இறங்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. இந்தக் காலத்தில் ஒரு நாள் மவுஸ், ஒரு நாள் கீபோர்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டும் கைக்கு வராது.

சோதிக்கும்போது ஆட்டத்துக்குள் இருக்கும் அமைப்புகளையே பயன்படுத்துங்கள். விசையழுத்தத்தைக் கிளிக்காக மாற்றித் தரும் வெளி நிரல்களும், தாக்கி நகர்வதைத் தானாகவே செய்துவிடும் ஸ்கிரிப்டுகளும் கணக்கையே முடக்க வைக்கக்கூடியவை. கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் வசதிகளும் எல்லா இடத்திலும் செல்லாது: ஏ விசையை விடாமலே டியை அழுத்தினால் கடைசியாக அழுத்தியதை மட்டும் ஏற்கும் வசதி 2024இல் ஸ்னாப் டாப் என்ற பெயரில் ரேசர் கீபோர்டுகளில் வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம், கவுண்டர் ஸ்டிரைக் 2இன் அதிகாரபூர்வ சர்வர்களில் அப்படிப்பட்ட தானியங்கி உதவியோடு ஆடுகிறவர்கள் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவார்கள் என்று அறிவித்துவிட்டது. அத்தகைய கீபோர்டை வைத்திருப்பவர்கள், எந்த விளையாட்டைத் திறக்கிறோமோ அதற்கேற்ப அந்த வசதியை அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரம் முடிந்தபின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டியே நின்றால் பழைய முறைக்கே திரும்பிவிடுங்கள். அறுந்த தாக்குதல்கள் கண்கூடாகக் குறைந்திருந்தால் மட்டும் மாறுங்கள். நான் மார்க்ஸ்மேன், அதாவது ஆஷ் போன்ற தொலைதூரத் தாக்குநர், ஆடும் நாள்களில் இப்போது கீபோர்டில் நடக்கிறேன். அணியில் ஆள் குறைந்து ஜங்கிளுக்குப் போக நேர்ந்தால், அமைப்புகளைத் திறந்து மவுஸுக்கு மாற்றிக்கொண்டுதான் போகிறேன். ஏற்றத் திரையிலேயே விசை அட்டவணையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவதால், டபிள்யூ அந்த ஆட்டத்தில் நடையா திறனா என்பதில் இப்போதெல்லாம் பெரிதாகக் குழப்பம் வருவதில்லை.